அணிலும் எலியும்: இல்லத்தையும் தோட்டத்தையும் காக்கும் முறை

நெசவாளருக்கு நூல் முதல். உழவருக்கு விளைவு முதல். இவ்விரு முதல்களையும் ஓசையின்றிக் குறைத்து வரும் சிறு பிராணிகள் நம் கூரையிலும் கொல்லையிலும் குடியிருக்கின்றன. புயலும் வெள்ளமும் செய்யும் சேதத்தை ஊரே பார்க்கிறது, அரசாங்கமும் கணக்கெடுக்கிறது. அணிலும் எலியும் நாள்தோறும் செய்யும் சேதத்தை ஒருவரும் எழுதி வைப்பதில்லை. எழுதப்படாத இழப்பு இழப்பாகவே தோன்றுவதில்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டு இம்மாதப் பாடத்தை இப்பிராணிகளைக் கட்டுப்படுத்தும் வழிகளுக்கு ஒதுக்கியுள்ளோம்.

1. கொறிக்கும் பிராணிகளின் இயல்பு

அணில், வீட்டெலி, சுண்டெலி, பெருச்சாளி ஆகிய நான்கும் கொறிக்கும் பிராணிகள் என்னும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. இவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்க்காவிடில் பல் நீண்டு வாய் பயன்படாமற் போகும். ஆகவே, பசியில்லாத வேளையிலும் இவை எதையேனும் கடித்தே தீரும். உண்ணத் தகாத நூல், மரம், மின்கம்பியின் உறை, சொட்டுநீர்க் குழாய் முதலியவற்றை ஏன் கடிக்கின்றன என்று வியப்போர்க்கு இதுவே விடை.

மூஞ்சூறு இக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. கூரிய மூக்கும் கெட்ட நாற்றமும் உடைய அப்பிராணி கரப்பான்பூச்சியையும் புழுக்களையும் தின்று வாழ்வது. எலியென்று கருதி அதனை அடித்துக் கொல்வது நமக்கு உதவி செய்வதைக் கொல்வதாகும்.

2. செய்தது யார் என அறிதல்

மருத்துவர் நோயை அறிந்த பின்னரே மருந்து தருவார். நாமும் முதலில் குற்றவாளி யார் என அறிதல் வேண்டும். அணில் பகலில் நடமாடும். இருட்டியதும் கூட்டில் அடங்கிவிடும். எலியோ இரவில் நடமாடும். மாலையில் முழுதாயிருந்த கொய்யா காலையில் விடியுமுன்னரே குறைபட்டிருந்தால் அணிலைக் குறை கூறுவது நியாயமன்று.

எலியின் புழுக்கை இருமுனையும் ஒடுங்கிச் சற்றேறக்குறைய அரை அங்குல நீளமிருக்கும். சுண்டெலியின் புழுக்கை சிறு அரிசிமணி அளவே. எலி சுவரோரமாகவே செல்வதால், அது நாள்தோறும் செல்லும் வழியில் உடல் அழுக்குப் படிந்து கறுப்புத் தடம் விழும். ஐயமிருப்பின், இரவில் அவ்விடத்தில் சிறிது கோலமாவைத் தூவி வைத்துக் காலையில் கால்சுவட்டைப் பார்க்கலாம். செலவில்லாத இச்சோதனை எத்தனை இடங்களில் பொறி வைக்க வேண்டும் என்பதையும் காட்டிக் கொடுக்கும்.

கோகோத் தோட்டத்தில் மற்றோர் அடையாளமுண்டு. எலி பெரும்பாலும் காயின் காம்பையடுத்த பகுதியைக் கடிக்கும். அணில் காயின் நடுப்பகுதியைத் துளைக்கும். தென்னையில் காம்பருகே துளையிடப்பட்ட இளங்காய்கள் மரத்தடியில் விழுந்து கிடந்தால் அது எலியின் வேலை என அறிக.

3. அணில்: கொல்லாமல் காக்கும் வழி

தென்னாட்டில் நாம் காண்பது முதுகில் மூன்று வெண்கோடுகளையுடைய அணில். சேதுவை அமைத்த இராமபிரான் அன்போடு தடவிய விரல்களின் சுவடே அக்கோடுகள் என்று நம் பாட்டிமார் கூறுவர். அதனால் அணிலைக் கொல்ல நம்மவர்க்கு மனம் வருவதில்லை. கொல்லத் தேவையும் இல்லை என்பதே நாம் கூறவிருப்பது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அதன் அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டுள்ளன. ஆகவே அணிலைப் பிடிக்கவோ அகற்றவோ கருதுபவர் முன்னதாக வனத்துறை அலுவலரைக் கேட்டறிதல் கடமையாகும். நஞ்சு வைப்பது எவ்வகையிலும் கூடாது. பிடித்துத் தொலைவில் விடுவதாலும் பயன் சிறிதே. உணவும் இடமும் உள்ள தோட்டத்திற்கு வேறு அணில்கள் வந்து சேரும்.

அணில் பழம், விதை, கொட்டை ஆகியவற்றோடு பூச்சிகளையும் உண்ணும். பறவை முட்டைகளையும் தின்னும். நார், பஞ்சு, புல், துணிக்கந்தல் இவற்றைக் கொண்டு மரக்கிளையிலும் கூரையிடுக்கிலும் கூடு கட்டும். ஒருமுறைக்கு இரண்டு மூன்று குட்டிகள் ஈனும். நெசவாளர் வீட்டுத் தாழ்வாரத்தில் கழிவு நூலும் பஞ்சும் சிதறிக் கிடந்தால், அணிலுக்கு அதைவிடச் சிறந்த அழைப்பு வேறில்லை. கழிவு நூலை மூடியுள்ள தகரப்பெட்டியில் இடுவதே முதற் பாதுகாப்பு.

அடுத்து, கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும். அணில் நன்றாகத் தாவக்கூடியது. ஆதலின் கிளைக்கும் கூரைக்கும் இடையே ஆறேழு அடியேனும் இடைவெளி வேண்டும். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துகளைக் கம்பிவலையால் அடைக்கலாம். அடைக்குமுன் உள்ளே கூடும் குட்டியும் உண்டா என்று பார்ப்பது அவசியம். குட்டிகளை உள்ளே வைத்து அடைத்தால் தாய் அணில் மரச்சட்டத்தையும் கடித்து உட்புக முயலும். குட்டிகள் இறந்து நாற்றமும் எழும். குட்டிகள் வளர்ந்து வெளியேறும் வரை சில வாரங்கள் பொறுப்பதே நன்று.

மாதுளை, கொய்யா போன்ற மரங்களில் காய் பருக்கத் தொடங்கியதும் துணிப்பையாலோ வலைப்பையாலோ கட்டிவிடலாம். சிறு மரமாயின் முழு மரத்தையும் வலையால் மூடலாம். வலையின் விளிம்பு தரையில் நன்கு படிந்திருக்க வேண்டும். கோகோவில் அணில் பெரும்பாலும் முற்றிய காயையே நாடும். உள்ளிருக்கும் இனிப்பான சதையே அதன் நாட்டம். நிறம் மாறியவுடன் தவணை தவறாமல் பறித்துவிடுவதே தக்க காப்பு. கோடையில் சொட்டுநீர்க் குழாய்களைக் கடிப்பதற்குத் தாகமும் ஒரு காரணமாதலால், தோட்டத்தில் ஆங்காங்கே மண்சட்டிகளில் நீர் வைப்பது நன்று. குழாயைக் காக்கும் செலவை நோக்க, ஒரு சட்டி நீர் பெரிதன்று.

4. எலி: தறிக்கூடமும் வீடும்

அணிலுக்கு இரக்கம் காட்டலாம், எலிக்கு இடங்கொடுத்தலாகாது. பெண்ணெலி ஏறத்தாழ மூன்று வாரம் சூல் கொண்டு ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனும். ஆண்டில் பன்முறை ஈனும். குட்டிகள் மூன்று மாதத்திற்குள் தாமும் ஈனும் நிலையை அடையும். ஓர் எலி நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் தானியம் தின்றால், ஓராண்டில் 7 கிலோவுக்கு மேலாகிறது. தின்பதைக் காட்டிலும் சிறுநீராலும் மயிராலும் புழுக்கையாலும் கெடுப்பதே மிகுதி.

நெசவாளர்க்கு நேரும் இழப்பு இன்னும் கொடிது. கஞ்சி போட்ட பாவில் அரிசியின் மணம் இருக்கிறது. தறிக்குழியில் இருளும் அமைதியும் இருக்கின்றன. இரண்டும் எலிக்கு உகந்தவை. பாவு சுற்றிய உருளையை எலி ஓரிடத்தில் அரை அங்குல அகலம் கடித்துவிட்டதாகக் கொள்வோம். அங்குலத்திற்கு 80 இழையானால் ஒரு சுற்றில் 40 இழைகள் அறுந்தன. கடி எட்டுச் சுற்று ஆழம் சென்றிருந்தால் 320 இழைகள். அறுந்த ஓரிழையைத் தேடியெடுத்துப் பிணைக்க ஒரு நிமிடமே ஆகும் என்றாலும், ஐந்து மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலை கூலியின்றிக் கழிகிறது. அதோடு தீர்ந்ததா? உருளை ஒவ்வொரு சுற்றுச் சுழலும்தோறும் அதே இடத்தில் முடிச்சுகள் எழும். துணியில் எட்டு இடங்களில் குறை காணும். துணியை ஏற்கும்போது தரம் குறைத்து மதிப்பிட்டால், அவ்விழப்பும் நெசவாளர் தலையிலேயே விழும். பட்டும் ஜரிகையுமாயின் சொல்ல வேண்டுவதில்லை.

இதனைத் தடுக்கச் சில வழிகளைக் கைக்கொள்ள வேண்டும். மாலையில் தறியை விட்டு எழும்போது பாவு உருளையைத் தடித்த துணியால் சுற்றிக் கட்டுக. கஞ்சிப் பாத்திரத்தை அன்றே கழுவிக் கவிழ்க்க. தறிக்குழியில் உணவு உண்பதையும், பழந்துணியைக் குவிப்பதையும் விடுக. குழியின் பக்கங்களில் வளை காணின் உடைந்த கண்ணாடித் துண்டும் சிமெண்டும் கலந்து அடைக்க. நூல் சிட்டங்களைத் தரையில் வையாமல் மூடியுள்ள தகரப் பெட்டியிலோ இரும்புப் பீரோவிலோ வைக்க.

வீட்டிற்குள் புகும் வழிகளை அடைப்பதே எலி ஒழிப்பில் பாதி வெற்றியாகும். ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளி சுண்டெலிக்குப் போதும். கதவின் அடியிலுள்ள இடுக்கை மரச்சட்டத்தால் குறைத்து, கதவின் கீழ்ப்பகுதியில் ஓரடி உயரத்திற்குத் தகரம் அடித்தல் வேண்டும். சாக்கடை வாயிலுக்கும் காற்றுத் துளைகளுக்கும் நெருக்கமான கம்பிவலை பொருத்துக. தானிய மூட்டைகளைப் பலகைத் தட்டின்மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குக. அவ்வாறு அடுக்கினால் எலிக்கு மறைவிடம் இராது. நமக்குச் சுற்றிவந்து பார்க்கவும் இயலும்.

உடல்நலத்தையும் எண்ண வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலுடன் நிற்பவர்க்குக் காலிலுள்ள புண், வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் பற்றும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், மஞ்சள் காமாலை ஆகியன அதன் குறிகள். நீர் தேங்கிய வயலில் உழைப்பவர் இக்குறிகளைக் கண்டால் உடனே மருத்துவரை அணுகி, தாம் செய்யும் தொழிலையும் கூறுதல் வேண்டும். எலிப்புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து நனைத்த பின்னர் அகற்றுக.

5. தென்னந்தோப்பு

தென்னையில் ஏறும் வீட்டெலி, மரத்தின் கொண்டையிலேயே கூடு கட்டி இளங்காய்களைத் துளைக்கிறது. ஒரு மரத்தில் மாதம் இரண்டு காய் வீதம் 50 மரத்தில் வீணாகுமானால், ஆண்டில் 1,200 காய்கள் போகின்றன. முதலில் காய்ந்த மட்டை, பன்னாடை முதலியவற்றை நீக்கிக் கொண்டையைத் தூய்மை செய்க. பின்னர், தரையிலிருந்து ஆறடிக்கு மேல், சுமார் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள வழவழப்பான தகரத்தை மரத்தைச் சுற்றிப் பொருத்துக. எலியின் நகம் அதில் பற்றாது. ஆனால் ஒரு மரத்தின் மட்டை மறு மரத்தின் மட்டையைத் தொடுமானால் இத்தகரத்தால் பயனில்லை; எலி மேலே மேலேயே ஊர் முழுதும் சுற்றிவரும். நெருக்கமான தோப்புகளில் புரோமாடியலோன் மெழுகுக் கட்டி 10 கிராம் வீதம், ஐந்து மரத்திற்கு ஒரு மரத்தின் கொண்டையில், 12 நாள் இடைவெளியில் இருமுறை வைக்குமாறு வேளாண் துறையறிஞர் கூறுகின்றனர்.

6. பொறி வைக்கும் முறை

பொறி பழுதன்று, வைக்கும் முறையே பெரும்பாலும் பழுது. எலி புதிய பொருளைக் கண்டு அஞ்சும் இயல்புடையது. ஆகவே இரண்டு மூன்று நாள் பொறியை விசை ஏற்றாமல், இரையை மட்டும் வைத்து விடுக. எலி அஞ்சாமல் தின்னப் பழகிய பின் விசையை ஏற்றுக. நடு அறையில் வைத்த பொறியில் எலி விழாது. சுவரோரமாக, இரை வைத்த முனை சுவரைத் தொடுமாறு வைக்க வேண்டும். ஒரு பொறியை ஒரு மாதம் வைப்பதினும், பத்துப் பொறிகளை மூன்று நாள் வைப்பது மேல். தேங்காய்ச்சில், கருவாடு, வடைத்துண்டு ஆகியன நல்ல இரைகள். வயல் வரப்புகளுக்கு, மூங்கில் வில்லால் அமைந்த தஞ்சாவூர்க் கிட்டி இன்றும் சிறந்த கருவியே. நஞ்சில்லாதது, உள்ளூரிலேயே செய்யத் தக்கது. ஒட்டும் பசை தடவிய அட்டைகளை நாம் பரிந்துரையோம். அவற்றில் அணிலும் பல்லியும் குருவியும் ஒட்டி நெடுநேரம் துடித்துச் சாகின்றன.

7. நஞ்சு: எச்சரிக்கை

இப்பகுதியை உறுப்பினர்கள் தம் இல்லத்தாருக்கும் படித்துக் காட்டுமாறு வேண்டுகிறோம். எலியைக் கொல்ல வாங்கிய நஞ்சு குழந்தையைக் கொன்ற செய்திகள் நாளேடுகளில் வந்தவண்ணம் உள்ளன.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை வீட்டில் வைக்கவே கூடாது. அதற்கெனத் தனி மாற்றுமருந்து கிடையாது. உண்டவர் முதல் நாள் ஒன்றுமில்லாதவர் போலத் தோன்றிச் சில நாளில் கல்லீரல் கெட்டு மாள்வதுண்டு. துத்தநாக பாஸ்பைடு வயிற்றின் அமிலத்தோடு கலந்து நச்சுக் காற்றை எழுப்புவது. அதற்கும் தனி மாற்றுமருந்து இல்லை. அது வயலுக்குரியது; அறிந்தவர் கையால் மட்டும் கையாளத் தக்கது. தானியக் கிடங்கிற்கான புகைமாத்திரைகளை மக்கள் உறங்கும் வீட்டில் ஒருபோதும் இடலாகாது.

புரோமாடியலோன் இரத்தம் உறையாமற் செய்யும் வகையைச் சேர்ந்தது. தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் கழித்துச் சாவதால், பிற எலிகள் ஐயங்கொண்டு இரையை வெறுப்பதில்லை. இதற்கு வைட்டமின் கே என்னும் மாற்றுமருந்தும் உண்டு. எனினும் இதுவும் நஞ்சே. வயலில் பயன்படுத்துவோர் 0.25 விழுக்காட்டுத் தூள் 20 கிராம், தானியம் 960 கிராம், சமையல் எண்ணெய் 20 கிராம் சேர்த்து ஒரு கிலோ இரை தயாரிப்பர். சமையற் பாத்திரத்தில் கலக்கலாகாது; கையுறை வேண்டும். இரையைத் திறந்த வெளியில் தூவாமல், குழந்தையும் கோழியும் நாயும் அணுக இயலாதவாறு மூங்கில் குழலிலோ மூடிய பெட்டியிலோ வைக்க வேண்டும். இறந்த எலிகளைத் தேடியெடுத்து ஆழப் புதைக்க. அவற்றைத் தின்னும் ஆந்தையும் பூனையும் மடியும்.

யாரேனும் நஞ்சை உண்டதாக ஐயம் எழுந்தால், குறி தோன்றும்வரை காத்திராமலும், வீட்டு வைத்தியத்தில் பொழுது போக்காமலும், மருந்தின் உறையோடு அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

8. இயற்கை தந்த துணைவர்

கூகையை அபசகுனம் என்று ஓட்டுகிறோம். அஃது இரவில் எலியைத் தேடியே பறக்கிறது. வயலில் டி வடிவக் கம்புகளை நட்டால் ஆந்தைகள் அமர்ந்து வேட்டையாட வசதியாகும். சாரைப்பாம்பு நஞ்சற்றது, எலியின் வளைக்குள்ளேயே சென்று பிடிக்க வல்லது. எலி மிகுந்த வீட்டை நல்லபாம்பும் நாடி வரும் என்பதையும் மறத்தலாகாது. எலி ஒழிந்தால் பாம்பச்சமும் குறையும். பாம்பு பிடிப்பதிலும் எலிவளை தோண்டுவதிலும் இருளர் மக்கள் கொண்டுள்ள அறிவு வழிவழி வந்தது. 1978இல் அவர்களுக்கென இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பின் நஞ்சை எடுத்து, மருந்து செய்வோர்க்கு விற்று, பாம்பை மீண்டும் காட்டில் விடுவது அச்சங்கத்தின் தொழில். பழைய அறிவுக்குக் கூட்டுறவு மதிப்புத் தேடித் தந்ததற்கு இது நல்ல சான்று.

9. சங்கத்தின் கடமை

ஒருவர் வீட்டில் மட்டும் எலியை ஒழித்தால், அடுத்த வீட்டு எலி சில வாரத்தில் அவ்விடத்தை நிரப்பிவிடும். எலிக்கு வேலியும் இல்லை, பட்டாவும் இல்லை. ஆதலால், தெரு முழுவதும் ஒரே வாரத்தில் முனைந்தால்தான் பயனுண்டு. கூட்டுறவுக்கு இதனினும் பொருத்தமான பணி யாது? சங்கம் இருபது முப்பது பொறிகளை வாங்கித் தெருவாரியாகச் சுற்றில் விடலாம். தகரத்தையும் வலையையும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தரலாம். அறுவடை முடிந்து எலிகள் வயலைவிட்டு வீட்டை நாடும் காலத்தில் ஆண்டுதோறும் ஒரு வாரத்தை இதற்கென ஒதுக்கலாம்.

கணக்கைப் பற்றியும் ஒரு சொல். சங்கங்களைத் தணிக்கை செய்யும்போது இருப்புப் பதிவேட்டில் "எலிச்சேதம்" என்னும் ஒற்றைச் சொல்லை நாம் காண்பதுண்டு. பஞ்சதந்திரக் கதையில் இரும்புத் தராசை எலி தின்றது என்றான் ஒரு வணிகன். பிள்ளையைப் பருந்து தூக்கிச் சென்றது என்றான் மற்றவன். எலி தின்றதும் உண்டு. எலியின் பெயரால் மனிதர் தின்றதும் உண்டு. ஆகவே சேதம் கண்ட அன்றே தேதி, எடை, இடம் ஆகியவற்றை எழுதி, இரு உறுப்பினர் கையொப்பம் பெற்று, கடிபட்ட நூலையும் எடைபோட்டு வைத்திருக்க வேண்டும். இவ்வொழுங்கு இருப்பின் நேர்மையான காசாளர் மீது வீண்பழி வாராது; நெசவாளர் வீட்டில் சங்கத்தின் நூலுக்கு உண்மையாகவே சேதம் நேர்ந்தால், அதனை அவர் கூலியில் பிடிப்பதா, சங்கம் ஏற்பதா என்பதையும் நிர்வாகக் குழு நியாயமாகத் தீர்மானிக்க முடியும். தக்க பெட்டியும் பொறியும் அளிக்காத சங்கம், முழு நட்டத்தையும் நெசவாளர் மேல் சுமத்துவது முறையாகாது என்பது நம் கருத்து.

10. கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

(1) நம் தெருவில் எத்தனை வீடுகளில் எலி உண்டு? கோலமாவுச் சோதனை செய்தவர் யார் யார்?

(2) சென்ற ஆண்டு நூல், தானியம், தேங்காய் ஆகியவற்றில் நமக்கு நேர்ந்த சேதத்தின் மதிப்பு என்ன? அதனைப் பத்துப் பொறிகளின் விலையோடு ஒப்பிடுக.

(3) சங்கக் கிடங்கின் கதவு, சாக்கடை, காற்றுத் துளை ஆகியன அடைக்கப்பட்டுள்ளனவா?

(4) உறுப்பினர் இல்லங்களில் எலிப்பசை உள்ளதா? இருப்பின் அதனைக் குழந்தைகள் கைக்கு எட்டாதவாறு அகற்ற என்ன ஏற்பாடு?

(5) நெசவாளர் இல்லத்தில் நேரும் எலிச்சேதத்தைப் பற்றி நம் சங்கத்தில் தீர்மானம் உண்டா? இல்லையேல், எத்தகைய தீர்மானம் வேண்டும்?

இவ்வினாக்களுக்குக் கூட்டத்தில் கிடைக்கும் விடைகளை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் எடுத்துப் பார்க்குமாறு சங்கத் தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.